காதல் கதையில் ஆடுகளுக்கு என்ன வேலை?



பிப்ரவரி இதழுக்கு விளம்பரப் பிரிவிலிருந்து டிசம்பரிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள்: "காதலர் தினத்துக்கு ஏதாவது பண்ணுங்க சார்." இந்த வருஷமும் சொன்னார்கள். அதைப் பேசத்தான் உட்கார்ந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு தாமஸ் ஹார்டியின் நாவல் ஒன்றில் வந்து நின்றது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி ஆசிரியர், இருபத்து நான்கு வயதுப் பெண், கேட்டார்: "மூணு பேர் ஒரே பொண்ணை விரும்பறாங்க. மூணு பேருமே வாயால ஒண்ணைத்தான் சொல்றாங்க. அப்புறம் எதை வெச்சு எது காதல்னு கண்டுபிடிக்கிறது?" டீ ஆறிப்போனதுதான் மிச்சம், யாரும் சட்டென்று பதில் சொல்லவில்லை. எனக்கும் வரவில்லை. இந்தப் பக்கத்தில் வருகிறதா பார்க்கிறேன்.

நாவலின் பெயர் 'ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்'. 1874-ல் வந்தது. நான் இதை முதலில் படித்தது கல்லூரியில், 'நான்-டீடெயில்' பாடமாக. உங்களில் பலருக்கு அந்தச் சங்கதி நினைவிருக்கும். பெரிய நாவலை வற்றக் காய்ச்சி, தொண்ணூறு பக்கத்துக்குள் அடைத்து, பின்னால் கேள்விகளும் போட்டுக் கொடுப்பார்கள். எங்களுக்கு வாய்த்த புத்தகத்தைச் சுருக்கிய புண்ணியவானுக்கு, காதல் கதையில் ஆடுகளுக்கு என்ன வேலை என்று தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாக வெளியே பத்திவிட்டார். கதிர்ப்போர், களஞ்சியம், மழைக்குறி எல்லாம் பின்னாலேயே போயின. மிஞ்சியது ஓர் அழகான பண்ணைக்காரி, ஒரு மேய்ப்பன், ஒரு பணக்காரர், ஒரு பட்டாளத்துக்காரன். பதினெட்டு வயதில் எனக்குப் பட்டாளத்துக்காரனைத்தான் பிடித்தது. மேய்ப்பன் எதற்குக் கதையில் இருக்கிறான் என்றே விளங்கவில்லை. முழு நாவலையும் படித்தது முப்பதைத் தாண்டிய பிறகு. சுருக்கியவர் ஆடுகளோடு சேர்த்துக் காதலையும் பத்திவிட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

கதை நடப்பது இங்கிலாந்தின் தென்மேற்கில், டார்செட் பக்கத்துக் கிராமங்களில். அந்த நிலப்பரப்புக்கு 'வெஸ்ஸெக்ஸ்' என்ற பழைய பெயரை ஹார்டி முதன்முதலாகச் சூட்டியது இந்த நாவலில்தான். நாயகி பாத்ஷீபா எவர்டீன். சித்தப்பாவோ மாமாவோ, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அவர் இறந்ததும் வெதர்பரி என்ற ஊரில் அவருடைய பண்ணை இவள் கைக்கு வருகிறது. வந்த சூட்டில், தானியம் திருடிய காரியஸ்தரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொள்கிறாள். கூலியைத் தன் கையால் எண்ணிக் கொடுக்கிறாள். தானியச் சந்தையில், ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக நின்று, மாதிரிக் கோதுமையை உள்ளங்கையில் கொட்டிக் காட்டி விலை பேசுகிறாள். இந்தப் பெண்ணுக்குப் பண்ணைதான் உயிர். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த மூன்று பேரைப் பார்க்க வேண்டும்.

முதலில் வருபவன் கேப்ரியல் ஓக். இருபத்தெட்டு வயது. அவள் பண்ணைக்காரி ஆவதற்கு முன்பே அவளைப் பார்த்தவன். சுங்கச்சாவடியில் இரண்டு பென்னிக்காக அவள் தகராறு செய்துகொண்டிருந்தபோது, தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன். அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. அப்போது அவனிடம் இருநூறு பெட்டை ஆடுகள், கடன் வாங்கி நடத்தும் சின்னப் பண்ணை. தாயில்லாத ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் கேட்கப் போகிறான். பியானோ வாங்கித் தருகிறேன், சந்தைக்குப் போக வண்டி வாங்கித் தருகிறேன், கல்யாணச் செய்தியைப் பத்திரிகையில் போடச் சொல்கிறேன் என்று அடுக்குகிறான். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு மாட்டேன் என்கிறாள். கல்யாணத்தில் பெண்ணாக நிற்க அவளுக்கு ஆசைதான், கூடவே ஒரு புருஷன் வருவதுதான் பிடிக்கவில்லை.

இந்தக் கட்டத்தில் ஓக்கும் மற்ற ஆண்களைப் போலத்தான் பேசுகிறான். அவனை மாற்றியது ஒரு நாய். பழக்கமில்லாத இளம் நாய் ஒன்று ஓர் இரவு கிடையைத் துரத்திக்கொண்டே போய், சுண்ணாம்புக் குவாரியின் விளிம்பிலிருந்து ஆடுகளைக் கீழே தள்ளிவிடுகிறது. இருநூறும் போயிற்று. காப்பீடு கிடையாது. கடனை அடைத்த பிறகு உடுத்திய துணிதான் மிச்சம். கூலிக்கு ஆள் எடுக்கும் சந்தையில் நின்று பார்த்தும் வேலை கிடைக்காமல் நடந்து போகும்போது, வழியில் ஒரு பண்ணையில் தீ. ஓடிப்போய்ப் போரின் மேல் ஏறி அணைக்கிறான். முகமெல்லாம் கரியாக இறங்கிவந்து, முதலாளியம்மாவிடம் மேய்ப்பன் வேலை கேட்கிறான். முக்காட்டை விலக்கினால், பாத்ஷீபா.

அதற்குப் பிறகு நெடுங்காலம் ஓக் தன் காதலைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இரண்டாமவர் போல்ட்வுட். பக்கத்துப் பண்ணைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், கண்ணியமானவர், பிரம்மச்சாரி. சந்தையில் எல்லோரும் பாத்ஷீபாவைத் திரும்பிப் பார்க்க, இவர் ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. அது அவளை உறுத்துகிறது. பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. பொழுது போகாமல் தோழிப்பெண் லிடியோடு உட்கார்ந்து, காதலர் தின வாழ்த்து ஒன்றை யாருக்கு அனுப்பலாம் என்று பாட்டுப் புத்தகத்தைச் சுண்டிப் போட்டுப் பார்த்து, போல்ட்வுட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். உறையில் அரக்கு முத்திரை. அதில், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லும் இரண்டு வார்த்தை. விளையாட்டு, அவ்வளவுதான். (விளம்பரப் பிரிவு நண்பர்கள் இந்தப் பத்தியை மட்டும் தவிர்த்துவிடலாம்.)

அந்த மனிதருக்கு அதுவரை ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்ததில்லை. கடிதத்தைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைக்கிறார். தூக்கம் போகிறது. அவளை அவர் பார்க்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். கடிதத்தைக் காதலித்துவிட்டு அதற்குப் பொருத்தமாக ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தோன்றும். ஆடு கழுவும் குளக்கரையில் வந்து பெண் கேட்கிறார். என்ன வாக்குக் கொடுக்கிறார் பாருங்கள்: என்னைக் கட்டிக்கொண்டால் நீ அறுவடைக் காலத்தில் வெளியே எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம், பால்பண்ணையை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், உன் கையில் ஒரு வேலையும் இருக்காது. மனசார, அன்போடுதான் சொல்கிறார். அவள் எதில் உயிரை வைத்திருக்கிறாளோ அதையே பிடுங்கிக்கொள்கிறேன் என்று சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. நம் வீடுகளிலும் இந்த வாக்கைக் கேட்டிருக்கிறோம். "ராணி மாதிரி வெச்சுக்குவேன்."

இடையில் அந்த ஆடுகள். வாழ்த்து அனுப்பியது தப்பு என்று ஓக் முகத்துக்கு நேரே சொல்லிவிட, பாத்ஷீபா அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறாள். மறுநாளே ஐம்பத்தேழு ஆடுகள் வேலியை உடைத்துப் பச்சைக் குளோவர் வயலில் மேய்ந்துவிட்டு, வயிறு ஊதிச் சாய்கின்றன. விலாவில் சரியான இடம் பார்த்து, குழாய் பொருத்திய ஊசியை இறக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த வட்டாரத்தில் அது தெரிந்தவன் ஓக் மட்டும். ஆளனுப்பி வரச்சொல்கிறாள். மரியாதையாகக் கேட்டால் வருகிறேன் என்று சொல்லியனுப்புகிறான். முழு நாவலிலும் எனக்கு மிகவும் பிடித்த பதில் இது. காலடியில் விழுந்து கிடக்கும் பக்தன் இல்லை இவன். அவள் கெஞ்சி ஒரு வரி எழுதியனுப்பிய பிறகு குதிரையில் வந்து சேர்கிறான். நாற்பத்தொன்பது ஆடுகளுக்கு ஊசி சரியாக இறங்குகிறது. ஒன்றுக்கு அவசரத்தில் இடம் தப்பி, ஆடு செத்துப்போகிறது. அவன் வருவதற்குள் நான்கு செத்துவிட்டன, மூன்று தாமாகவே தேறிவிட்டன. ஹார்டி இப்படிக் கணக்கெழுதித்தான் காதலைச் சொல்கிறார். அந்தக் குறி தப்பிய ஒரே ஒரு ஆட்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

மூன்றாமவன் சார்ஜண்ட் டிராய். இருட்டில் அவன் குதிமுள் அவள் பாவாடைச் சரிகையில் சிக்கிக்கொள்கிறது, அவிழ்க்க அவசரப்படாமல் அழகைப் புகழ்கிறான். போல்ட்வுட்டுக்கு வராத ஒன்று இவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு: பேச்சு. ஒரு மாலை, ஆளுயரப் பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் அவளை நிற்க வைத்து வாள் சுழற்றிக் காட்டுகிறான். அவளைச் சுற்றிலும் வாள் வீச்சு ஒளிக்கூடு போல எழுகிறது. காதோர முடிக்கற்றை ஒன்றை அறுத்தெடுக்கிறான். அவள் மார்புச் சட்டையில் ஊர்ந்த கம்பளிப்புழுவை வாள்முனையில் குத்தி எடுக்கிறான். துணியில் கீறல்கூட இல்லை. ஹார்டி இதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கிறார், 1967-ல் வந்த திரைப்படத்தில் டெரன்ஸ் ஸ்டாம்ப் அதைச் செய்து காட்டினார். பதினெட்டு வயதில் நான் விழுந்த பள்ளமும் அதுதான். ஆனால் நான்-டீடெயிலில் இல்லாத ஒரு விவரம் மூலத்தில் உண்டு. வாளுக்குக் கூர் இல்லை என்று பொய் சொல்லித்தான் அவளை அங்கே நிற்க வைக்கிறான். எல்லாம் முடிந்த பிறகுதான், முகச்சவரம் செய்யுமளவு கூரானது என்று காட்டுகிறான். அறுத்த முடியைச் சட்டைக்குள் பத்திரப்படுத்துகிறான். அவன் கடிகார மூடிக்குள் ஏற்கெனவே இன்னொருத்தியின் பொன்னிற முடி இருக்கிறது.

பாத்ஷீபா அவனைத்தான் கட்டிக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் அவனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அப்புறம் அந்தப் புயல் ராத்திரி. அறுவடை விருந்து நடக்கிறது. புது முதலாளி டிராய், பண்ணையாட்களுக்கு வழக்கமான பீரை விட்டுவிட்டுப் பிராந்தி ஊற்றிக் கொடுக்கிறான். வெளியே களத்தில் எட்டுப் போர்கள், ஐந்து கோதுமை, மூன்று பார்லி, மூடாமல் நிற்கின்றன. ஓக் வீட்டுக்குப் போகும் வழியில் பாதையைக் கடக்கும் தேரையைப் பார்க்கிறான். வீட்டுக்குள் ஓடில்லாத நத்தை ஒன்று ஏறி வந்திருக்கிறது. கூரையிலிருந்து சிலந்திகள் இறங்குகின்றன. ஆடுகள் ஒரே திசைக்கு முதுகைக் காட்டி நெருக்கியடித்து நிற்கின்றன. ஈசலையும் தட்டானையும் பார்த்து மழை சொல்லும் நம் சம்சாரிகளுக்கு இந்தப் பக்கங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. மழை வராது என்று டிராய் முன்பே சொல்லியனுப்பிவிட்டான். ஆட்கள் மயங்கிக் கிடக்கிறார்கள். ஓக் மனக்கணக்குப் போடுகிறான், மொத்தம் 750 பவுன். பிறகு தனியாளாக இருட்டில் ஏறி, போர்களுக்குத் தார்ப்பாய் போர்த்தவும் கூரை வேயவும் தொடங்குகிறான். ஒரு கம்பியையும் குதிரை கட்டும் சங்கிலியையும் கட்டி இடிதாங்கி செய்துகொள்கிறான்.

மின்னல் வெளிச்சத்தில் கீழே ஓர் உருவம். பாத்ஷீபா. போர்களை நினைத்து வந்தவள், கதிர்க்கட்டுகளை ஏணியில் தூக்கிக் கொடுக்கத் தொடங்குகிறாள். பக்கத்து மரத்தை மின்னல் பிளக்கிறது. இருவரும் விறைத்து நிற்கிறார்கள், பிறகு மறுபடியும் வேலை. அந்த நேரத்தில்தான், தான் டிராயை ஏன் கட்டிக்கொண்டாள் என்பதைக் கேட்காமலே அவனிடம் சொல்கிறாள். அவன் பதிலுக்கு ஆறுதலும் சொல்லவில்லை, சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தவும் இல்லை. களைத்துவிட்டாய், உள்ளே போ, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். காதல் காட்சி என்று இதை எந்தச் சுருக்கப் பதிப்பும் ஒத்துக்கொள்ளாது. வாள் வீச்சு அத்தியாயத்தையும் இதையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முன்னதில் அவள் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் வெட்டுப்படுவாள். பின்னதில் அவளுக்கும் ஏணி உண்டு.

மறுநாள் காலை நனைந்த கோழியாக வீடு திரும்பும் ஓக், எதிரே போல்ட்வுட்டைப் பார்க்கிறான். உங்கள் போர்கள் பத்திரம்தானே என்று பேச்சுக்குக் கேட்கிறான். மூட மறந்துவிட்டேன் என்கிறார் போல்ட்வுட். ஊரிலேயே கணக்கான விவசாயி, ஒரு வருஷ வெள்ளாமையை மழைக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். எனக்கு இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனத்துவிடும். அவர் காதலில் பொய் இல்லை. ஒருவேளை மூவரில் மிக ஆழமானதே அதுதானோ என்னவோ. ஆனால் அது அவருடைய பயிரையே தின்றுவிட்டது, இன்னொருத்தியின் பயிரை எங்கே காக்கும்?

இங்கே பத்திரிகைக்காரனாக ஒரு கிளைக்கதை சொல்ல அனுமதியுங்கள். இந்த நாவல் முதலில் 'கார்ன்ஹில்' மாத இதழில், 1874 ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஆசிரியர் பெயரில்லாமல் தொடராக வந்தது. ஜார்ஜ் எலியட் எழுதியிருக்கலாம் என்று 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை ஊகித்தது. அப்போது ஹார்டிக்கு முப்பத்து மூன்று வயது. பிறந்த வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். வெளியே உலாவும்போது கையில் தாள் இல்லையென்றால் காய்ந்த இலையிலும், மரம் வெட்டியவர்கள் விட்டுப்போன சிராயிலும், கல்துண்டிலும் குறித்துக்கொள்வாராம். கார்ன்ஹில்லின் ஆசிரியர் லெஸ்லி ஸ்டீபன், பின்னாளில் பெரும் எழுத்தாளரான வர்ஜீனியா வுல்ஃபின் தந்தை. பாவம், அவர் பாடு எனக்குத் தெரியும். தொடரில் ஏதோ ஒரு வரி முகம் சுளிக்க வைக்கிறது என்று மரியாதைக்குரிய மூன்று பெண்மணிகள் எழுதிவிட்டார்கள். அடுத்து வரவிருப்பதோ அதைவிடப் பெரிய வில்லங்கம். டிராய் கைவிட்ட ஃபேனி ராபின் என்ற பெண் ஏழைகள் விடுதியில் குழந்தையைப் பெற, இருவருமே இறந்துபோகிறார்கள். அந்தக் குழந்தை கதைக்கு அவசியம்தானா என்று ஸ்டீபன் ஹார்டிக்கு எழுதினார்.

கதைக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? சவப்பெட்டி பாத்ஷீபாவின் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்கிறது. பெட்டி மூடியில் ஃபேனியின் பெயரையும், கூடவே குழந்தையும் இருப்பதையும் சாக்குக் கட்டியால் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் போன பிறகு ஓக் கைக்குட்டையை எடுத்து, குழந்தையைக் குறிக்கும் வார்த்தைகளை மட்டும் துடைத்துவிடுகிறான். பாத்ஷீபா ஓர் இரவாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று. பத்திரிகை ஆசிரியர் எதை அழிக்க நினைத்தாரோ அதையே கதாபாத்திரமும் அழிக்கிறான். ஆனால் குழந்தை எங்கும் போய்விடவில்லை. அன்றிரவே பாத்ஷீபா தன் கையால் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுகிறாள்.

இதைச் சொன்னதும் உதவி ஆசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளோட புருஷன் விஷயம் சார் அது. அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு முடிவு பண்ண இவர் யார்?" நியாயம்தான். அதுவரை பேசாமல் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அழிக்காம விட்டிருந்தா நல்ல மனுஷன்னு சொல்லியிருப்பியா கண்ணு?" இருவரும் இன்னும் சமாதானமாகவில்லை. அந்தக் கைக்குட்டையில் அன்பும் இருக்கிறது, உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்ற ஆண்பிள்ளைத்தனமும் இருக்கிறது என்பது என் கட்சி. ஓக்கை மகானாக்கிப் பார்க்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அவன் உபதேசம் செய்கிறவன், சில நேரம் நல்லவனாக இருந்தே சலிப்பூட்டுகிறவன்.

மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிராய் ஓடிப்போகிறான், கடலில் மூழ்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆறு வருஷம் கழித்தாவது என்னைக் கட்டிக்கொள் என்று போல்ட்வுட் அவளை நெருக்கி வாக்கு வாங்குகிறார். அவர் வாக்கு வாங்கிய அந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கே டிராய் உயிரோடு வந்து நிற்கிறான். அவள் கையைப் பிடித்து இழுக்கிறான், அவள் அலறுகிறாள், போல்ட்வுட் சுட்டுவிடுகிறார். பிறகு தானே நடந்து போய்ச் சிறைக்கதவைத் தட்டுகிறார். அவர் வீட்டுப் பூட்டிய அலமாரியைத் திறந்தால் பட்டு, வெல்வெட், விலையுயர்ந்த மென்மயிர் ஆடைகள், நகைப் பெட்டிகள். ஒவ்வொரு பொட்டலத்திலும் 'பாத்ஷீபா போல்ட்வுட்' என்று எழுதி, ஆறு வருஷம் கழித்து வரும் ஒரு தேதி. அந்த அலமாரி நகை எதுவும் அவள் கைக்குப் போனதில்லை. புத்தி பேதலித்தவர் என்பதால் தூக்கு விலகிச் சிறையாகிறது. பாத்ஷீபாவோ தன் கணவனை ஃபேனியின் கல்லறையிலேயே புதைத்து, அதே கல்லில் அவன் பெயரையும் பொறிக்கச் செய்கிறாள். காதலைக் காட்டத் தெரிந்தவர்கள் ஆண்கள் மட்டும் இல்லை.

கடைசியில் ஓக் விலகல் கடிதம் கொடுக்கிறான், கலிஃபோர்னியாவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்கிறான். அவளை அடைவதற்காகத்தான் காத்திருக்கிறான் என்று ஊர் பேசத் தொடங்கிவிட்டது, அதுதான் காரணம். பாத்ஷீபா இருட்டில் தனியாக அவன் குடிசைக்கு நடந்துபோய்க் கதவைத் தட்டுகிறாள். முதல் அத்தியாயங்களில் குட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் போன அதே காரியத்துக்கு, இப்போது அவள் வந்திருக்கிறாள்.

எங்கள் நான்-டீடெயில், இருவரும் மணந்துகொண்டு இன்பமாக வாழ்ந்தார்கள் என்று முடிந்தது. மூலத்தில் கல்யாணக் காலை மூடுபனியும் ஈரமுமாக விடிகிறது. ஊருக்குச் சொல்லவில்லை, மேளதாளம் இல்லை. ஒரே வாசலிலிருந்து ஒரு பெரிய குடையும் ஒரு சின்னக் குடையும் புறப்பட்டு, தேவாலயம் போகும் பாதையில் பக்கத்தில் பக்கத்தில் நகர்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்